கதவைச் சாத்திவிட்டுக் கேட்க வேண்டிய கேள்வி

அந்த யோசனை எனக்கு வந்தபோது என் இரண்டு கையிலும் ஈ.சி.ஜி. பசை. எதிரே சட்டையில்லாமல் படுத்திருந்தவர் போர்வெல் வண்டியில் வேலை செய்பவர். கலா சிஸ்டர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும், ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்தது போல ஒரு மூச்சை விட்டார் அவர். அந்த மூச்சில் நெஞ்சில் ஒட்டியிருந்த ரப்பர் பல்பு ஒன்று டப்பென்று கழன்று கட்டிலுக்கு அடியில் உருண்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய அம்மாவும் மாமாவும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நியாயமான திட்டுதான். ஆனால் அது எங்கோ பக்கத்துத் தெருவில் யாரையோ திட்டுவது போலத்தான் உள்ளே கேட்டது.

பல்பைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்த நிலையில்தான் எனக்குப் புரிந்தது. இத்தனை மாதமாக ஒரு கேள்வியைக் கேட்கக் கூடாத இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டிய இடம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அதற்குக் கதவும் இருந்திருக்கிறது.

அவசர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார் எங்கள் சீஃப். இப்படியெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் எழுதுவார்கள். நான் "இன்னும் கல்யாண வயசு வரலை" என்று சேலம் பக்கம் இளம்பிள்ளையில் இருக்கும் வீட்டாரிடம் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கும் ஆள். மேற்படிப்புக்குக் கிளம்புவதால் பாதி ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். "நாலு நல்ல விஷயமா எழுதும்மா" என்றார். என்னிடம் நாலு இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. அதிலும் முதல் பாதி முழுக்க நான் சொதப்பியதுதான்.

இதில் வருபவர்களின் பெயர்கள் உண்மையல்ல. உறவுமுறைகளையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நாமக்கல் பக்கம் போர்வெல் வண்டியில் போகும் எந்த மருமகனைப் பார்த்தும் நீங்கள் சந்தேகப்பட வேண்டாம்.

முதலில் எனக்கு ஏன் அந்தப் பேய் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். குமாரபாளையத்திலிருந்து விசைத்தறி ஓட்டும் இளைஞர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை தொங்கியது. தறிக்கூடத்தில் அவர் தள்ளாடியதைப் பார்த்து, போதையில் இருக்கிறார் என்று முகத்தில் தண்ணீரடித்து மூலையில் உட்கார வைத்திருந்திருக்கிறார்கள். தெளிந்துவிடும் என்று பொழுது போகும்வரை காத்திருந்திருக்கிறார்கள். அது மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. எங்களிடம் வரும்போது செய்ய வேண்டியதைச் செய்யும் நேரம் கடந்திருந்தது. சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, வயதும் இல்லை. பிறகு எப்படி வந்தது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். பல நாள் கழித்து வெளியே டீக்கடையில் அவருடைய சிநேகிதர் என்னைப் பிடித்தார். "ஏனுங்க டாக்டர், அவன் தெனமும் கஞ்சா அடிப்பானுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குங்களா?"

இருக்கிறது. அதைப் பாடமாக நடத்தப் போவதில்லை, நீங்களும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். உள்ளே போனதும் இதயம் தலைதெறிக்க ஓடுகிறது. ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. குழாய்கள் இறுகிக்கொள்ளலாம், ரத்தம் கட்டிக்கொள்ளலாம். இதயத்தில் நடந்தால் மாரடைப்பு, மூளையில் நடந்தால் பக்கவாதம். புகைத்த அடுத்த ஒரு மணி நேரம்தான் ரொம்ப மோசம் என்கிறார்கள். இங்கே பீடித் தூளோடு கலந்து அடிப்பதால் கெடுதலுக்குத் துணைக்கு இன்னொரு கெடுதல். அடிக்கிற எல்லோருக்கும் வந்துவிடாது. ஆனால் வருகிறவருக்கு வயது இருபத்தைந்து, முப்பதுதான் இருக்கும் என்பதால் யாருமே அதை நினைத்துப் பார்ப்பதில்லை. சாராயம் ஈரலைக் கெடுக்கும், பீடி நெஞ்சைக் கெடுக்கும், இது வெறும் செடிதானே என்பதுதான் ஊரின் எண்ணம்.

இதையெல்லாம் தேடிப் படித்து முடித்ததும் ஊரைத் திருத்தும் வேலையை யாரும் கொடுக்காமலே நான் எடுத்துக்கொண்டேன். கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டேன். காலில் முள் குத்தி வந்திருந்த ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியரிடம் "கஞ்சாப் பழக்கம் உண்டா?" என்றேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "இல்லைம்மா. உனக்கு எதுவும் கஷ்டமா?" என்றார். கலா சிஸ்டர் அன்று முழுக்கச் சிரித்தார். ராசிபுரத்துக்காரர், எதையும் சும்மா விடமாட்டார். "டாக்டர், வாசல்ல ஆம்புலன்ஸ் புகை விட்டுட்டு நிக்குது. அதையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்க" என்றார்.

இவ்வளவு கேட்டும் எனக்கு ஒரே ஒரு "ஆமாம்"கூடக் கிடைக்கவில்லை. ஏன் என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. நம் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் தனியாக வருவதில்லை. வண்டி கொள்கிற அளவுக்குச் சொந்தம் வரும். டாக்டர் கேட்கிற கேள்விக்கு நோயாளி பதில் சொல்வதும் இல்லை, சொந்தம்தான் சொல்லும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எனக்குத் தொண்டைவலி வந்து காட்டப் போனால், ஐஸ்கிரீம் சாப்பிட்டேனா என்ற கேள்விக்கு "அவ தொடவே மாட்டா" என்று இன்றைக்கும் அம்மாதான் பதில் சொல்வார். நானும் தலையாட்டுவேன். இது தெரிந்தும், நான் கேட்டால் மட்டும் ஊர் உண்மையைச் சொல்லிவிடும் என்று நம்பினேன். படிப்பு ஆளை அப்படி ஆக்கிவிடும்.

ஒரு நாள் காலை, வெயில் ஏறுகிற நேரத்தில் பூபதி வந்தார். இருபத்தேழு வயது. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து கிளம்பி மத்தியப் பிரதேசத்தில் போர் போடும் ரிக் வண்டியில் டிரைவர். மாதக்கணக்கில் அங்கேயே இருந்துவிட்டு முந்தின நாள்தான் ஊருக்கு வந்திருந்தார். கூட அம்மா. அம்மாவின் அண்ணன். அந்த மாமாவின் மகளைத்தான் பூபதிக்குப் பேசியிருந்தார்கள் என்பது பேச்சுக்கு நடுவில்தான் எனக்குத் தெரிந்தது.

"என்ன பண்ணுதுங்க?" என்று பூபதியைக் கேட்டேன்.

"காலைல இருந்து நெஞ்சப் பிடிக்குதாமுங்க" என்றார் அம்மா.

"எந்த இடத்துல? கைக்கு இறங்குதா?"

"கையெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. அத்தன தொலைவு ஒக்காந்துட்டே வந்திருக்கான், வாயு" என்றார் மாமா.

"அவர் சொல்லட்டுமே."

"அவன் பேச மாட்டானுங்க அம்மிணி. அமுக்கமான பையன்."

அதற்குள் கலா சிஸ்டர் படுக்கையிலேயே ஒரு ஈ.சி.ஜி. எடுத்திருந்தார். கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை. ஓரிடத்தில் கோடு என்னைப் பார்த்து முணுமுணுத்தது போல இருந்தது. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, சில மணி நேரம் வைத்திருந்து மறுபடி பார்க்க வேண்டிய நிலைமை. நாடி வேகமாக ஓடியது. கண்கள் சிவந்திருந்தன. துப்பு கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு துள்ளல்.

"பீடி, சிகரெட், தண்ணி?" என்று ஆரம்பித்தேன்.

மாமா சிரித்தார். "ரிக்குக்குப் போறவனெல்லாம் குடிகாரன்னு சொல்லுவாங்க. இவன யாராச்சும் சொல்லட்டும் பாக்கலாம். டீயில சக்கரை பத்தலீம்பான், அது ஒண்ணுதான் இவனோட கெட்ட பழக்கம். அதுனாலதானுங்க எம்பட புள்ளையக் குடுக்கறேன். வர்ற பொதங்கெழமை நிச்சயம்."

இந்த இடத்தில் மூளையுள்ளவர் நிறுத்தியிருப்பார்.

"கஞ்சா?" என்றேன்.

"என்னுங்க?" என்றார் அம்மா.

அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தேன். அதனால் இன்னும் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, "கஞ்சா அடிப்பாரான்னு கேட்டேன்மா" என்றேன். பக்கத்துப் படுக்கைக்காரர் தன் வயிற்றுவலியை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"எம்பட பையனப் பாத்தா உங்களுக்கு அப்படித் தெரியுதுங்களா? பொண்ணு குடுக்கறவரு பக்கத்துல நிக்கறாரு, அவர வெச்சுட்டுக் கேக்கற கேள்வியா இது? உங்களுக்குக் கூடப் பொறந்தவிய இல்லீங்களா?"

மாமா சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "எந்திரி மாப்ளே. போலாம். ஒரு சோடா குடிச்சா ஏப்பம் வந்துரும். எங்க கையெழுத்துப் போடோணுமுன்னு காட்டுங்க, போட்டுட்டுப் போறம்."

நான் அடுத்து செய்ததையும் சொல்ல வேண்டும். விளக்கினேன். இதயத்துக்குப் போகும் குழாய்கள், ரத்தக்கட்டி, இளம் வயது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மாமா வாசலை நோக்கி ஓரடி வைத்தார். அம்மா, "படிச்ச திமிரு" என்று பக்கத்துப் படுக்கையிடம் முறையிட்டார். அந்த வழியாக வந்த சீஃப் என்னைப் பார்த்து, "ஏம்மா, போலீஸ் வேலைக்கும் அப்ளிகேஷன் போட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனார்.

பூபதி எழுந்து உட்கார்ந்து சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் நெற்றி முழுக்க வேர்வை. விரல் பட்டனைத் தேடிக்கொண்டே இருந்தது. தலையைத் தூக்கி என்னை ஒரு தரம் பார்த்தார். காப்பாற்றச் சொல்கிற பார்வை இல்லை அது. வாயை மூடச் சொல்கிற பார்வை.

எனக்கு இரண்டு வழி இருந்தது. நான் கேட்டது சரி என்று நிரூபிக்கலாம். இல்லையென்றால் அவரைப் போகவிடாமல் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே வழி என்றுதான் அந்த நிமிடம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவர்கள் வந்த வண்டியை டிரைவர் ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது.

ஓடிப்போய் மாமாவின் முன்னால் நின்றேன். "ஐயா, நான் கேட்டது தப்புங்க. எல்லாரையும் கேக்கற கேள்விதான், இருந்தாலும் இப்படி எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கங்க. உள்ள பெரிய மிஷின் இருக்கு. அதுல ஒரே ஒரு தடவை பாத்துடறேன். நல்லா இருந்தா நானே வண்டி வரைக்கும் கூட வந்து ஏத்தி விடறேன்."

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. குரல் நடுங்கியது. அந்த நடுக்கம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். மாமா அம்மாவைப் பார்த்தார். கலா சிஸ்டர் அந்தச் சந்தில் புகுந்துவிட்டார். "அஞ்சு நிமிசமுங்க. சட்டையக் கழட்டோணும், ஆம்பளையாளு கூச்சப்படுவாரு. நீங்கல்லாம் வெளிய இருங்க."

"டாக்டரம்மா பொம்பளதானுங்களே?" என்றார் மாமா.

"டாக்டருங்கள அந்தக் கணக்குல சேக்கறதில்லீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் சிஸ்டர்.

தாழ்ப்பாள். மூச்சு. பல்பு. இப்போது நீங்கள் நான் ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து, "பூபதி, கதவு சாத்தியாச்சு. நீங்க என்கிட்ட சொல்றது அம்மாவுக்குப் போகாது, மாமாவுக்குப் போகாது, போலீஸுக்கும் போகாது. எனக்கு வேற எதுவும் வேண்டாம், உங்க நெஞ்சு மட்டும்தான் வேணும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று உறைத்தது. சிஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பூபதிக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு பல்பு கழன்றது.

அதை ஒட்டிக்கொண்டே கேள்வியை மாற்றினேன். பழக்கம் உண்டா என்று கேட்கவில்லை. "ரிக்குல ராத்திரியெல்லாம் கம்ப்ரஸர் அந்தச் சத்தம் போடுமே, எல்லாரும் எப்படித் தூங்குவீங்க?" என்றேன்.

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தூங்கறதுக்குத்தானுங்க போடறது. வண்டி நிக்கற எடத்துலயே கெடைக்கும். தண்ணி போட்டா காலைல எந்திரிக்க முடியாது, ஓனரு தொரத்திப் போடுவாரு. இதுன்னா நல்லாத் தூங்கிப்போட்டு எந்திரிச்சு வேலையப் பாக்கலாம். கெட்ட பழக்கம்னெல்லாம் யாரும் நெனைக்கறதில்லீங்க. மருந்தாட்டந்தான்."

"இன்னைக்கு?"

"ஊருக்கு வந்தாத் தொட மாட்டனுங்க." மின்விசிறியிலிருந்து கண்ணை என் பக்கம் திருப்பினார். "காலைல நிச்சயத்துக்குச் சேலை எடுக்கப் போலாம்னு மாமா ஊட்டுல இருந்து எல்லாரும் வந்துட்டாங்க. என்னமோ பயமாப் போயிருச்சு. மரவள்ளிக் காட்டுக்குள்ள போயி ஒண்ணே ஒண்ணு. திரும்பி வரப்புல வாரேன், நெஞ்சு மேல யாரோ ஏறி ஒக்காந்தாப்பல ஆயிருச்சுங்க."

"சரி. இனிப் பேசாதீங்க. பேசினா கோடு ஆடும்."

"நீங்கதானுங்க பேசச் சொன்னீங்க."

அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தபடி சொன்னது. முகம் மாறியது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டார். மிஷினிலிருந்து காகிதம் நகர்ந்து வந்தது. காலையில் முணுமுணுத்த கோடு இப்போது கூரை போல எழும்பி நின்றது. மாரடைப்பு. என் கண் முன்னால், என் கையில் பசை காய்வதற்குள்.

அந்த ஐந்து நிமிடம் அவர் வண்டியில் இருந்திருந்தால் என்று நான் இன்னும் நினைத்துப் பார்ப்பதுண்டு. சோடாக் கடை வாசலில் நின்றிருப்பார்கள்.

மாத்திரை, ஊசி என்று நாங்கள் செய்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்களிடம் அடைப்பை எடுக்கும் வசதி கிடையாது, சேலத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே உள்ள இதய நிபுணரிடம் கஞ்சா விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கதவுக்கு வெளியே மாமா நிற்கிறார். ஆக்ஸிஜன் சிலிண்டர் வைக்கும் அறைக்குள் போய், போனை வாயோடு ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தேன். "ஏம்மா, உன்னை யாராச்சும் கடத்தி வெச்சிருக்காங்களா? சத்தமாப் பேசு" என்றார் அவர். விஷயம் புரிந்ததும், "உடனே ஏத்து. நீயும் கூட வா" என்றார்.

வெளியே வந்து "மாரடைப்பு" என்று சொன்னேன். இந்த முறை விளக்கவில்லை. மாமா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அடுத்த நொடி எழுந்து ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தார். ஏற்றும்போது பூபதி என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "மாமாகிட்ட..."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

சொல்வது சுலபம். ஆம்புலன்ஸில் மாமா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நான் பின்னால் பூபதியோடு. டோல்கேட் தாண்டியதும் அவர் நடுவிலிருந்த சின்ன ஜன்னலைத் தள்ளினார். கோபமெல்லாம் போய்விட்டிருந்தது.

"ஏனுங்க அம்மிணி, இருவத்தேழு வயசு. ஒரு பழக்கம் இல்ல. எப்படிங்க இது வந்துச்சு? ஏதோ ஒண்ணு இருக்கோணுமில்லீங்க?"

பூபதி கண்ணை மூடியிருந்தார். ஆனால் மானிட்டரில் நாடித் துடிப்பு சட்டென்று ஏறியது. அவர் தூங்கவில்லை என்பது எனக்கும் மிஷினுக்கும் மட்டும் தெரிந்தது.

எனக்கு விடை தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து விடை தெரிந்தால் கையைத் தூக்கியே வளர்ந்தவள் நான். காலையில் நான் கேட்டது சரிதான் என்று காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சொல்லிவிட்டால் கேள்வி கேட்டதற்காக யாரும் இனி என்னைத் திட்டவும் மாட்டார்கள். ஆனால் அந்த நாடி இன்னும் ஏறினால் அடைபட்ட இதயம் தாங்காது. அவர் கதவுக்குள் சொன்னது, கதவை நம்பிச் சொன்னது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

வாழ்க்கையில் முதல் முறை என்று நினைக்கிறேன். முழுப் பொய்யும் இல்லை. இதனால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சத்தியம் செய்துவிட முடியாது. ஆனால் அந்தச் சமாதானமெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது அது நாக்கில் வேப்பங்காயாகத்தான் இருந்தது.

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தன படிச்சுப்போட்டுத் தெரியாதுங்கறீங்களே" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மானிட்டரில் எண் மெல்ல இறங்கியது.

பூபதி பிழைத்தார். குழாயில் கொழுப்பு எதுவும் பெரிதாக இல்லை, ரத்தக்கட்டிதான். அதை எடுத்தார்கள். நிச்சயம் தள்ளிப்போனது. மாமா ஊரெல்லாம் என் பெயரைச் சொன்னார். எங்கே நெஞ்சுவலி என்று பேச்சு வந்தாலும், "பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரில ஒரு டாக்டரம்மா இருக்குது. வாய் சும்மாருக்காது. ஆனா ஒண்ணும் தெரியாது" என்பாராம். இது எங்கள் சீஃப் வரை வந்து சேர்ந்தது. "திருச்செங்கோட்ல உனக்கு நல்ல பேரு போலிருக்கே" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். விடை தெரிந்தும் முட்டாள் பட்டம் வாங்குவது எவ்வளவு எரிச்சல் தரும் என்று, முதல் மார்க் வாங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மழைக்காலம் ஆரம்பித்து ரிக் வண்டிகள் ஊர் திரும்பியிருந்த சமயம், ஒரு பெண் வயிற்றுவலி என்று வந்தாள். ஈ.சி.ஜி. அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்துங்கள் என்றாள். வயிற்றுவலிக்கு யாரும் ஈ.சி.ஜி. கேட்பதில்லை. சாத்தினேன்.

"நான் தாரணிங்க. பூபதிக்குப் பேசியிருக்கற பொண்ணு. அவருக்கு எதனால வந்துச்சுன்னு சொல்லுங்க. கட்டிக்கப் போறவ, எனக்குத் தெரிஞ்சாகோணும்."

அவள் கேட்டது நியாயம். "அதை அவர்கிட்டதான் கேக்கணும் தாரணி. நான் சொல்லக் கூடாது."

"கெஞ்சிக் கேட்டாலும்?"

"கேட்டாலும்."

அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். "அவரே எல்லாம் சொல்லிட்டாருங்க. மரவள்ளிக் காடு வரைக்கும். வருசம் முழுக்கத் தொடாம இருந்து காட்டு, அப்பறம் பாக்கலாம்னு சொல்லியிருக்கேன். நீங்க சொல்லறீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்."

"எதுக்கு?"

"எங்கண்ணன் அதே ரிக்குலதானுங்க போறான். அவனும் போடறான். ஒரு மாசமா அப்பப்ப நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை மரத்துப் போகுதுங்கறான். அப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டிப்போடுவாரு. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அப்பா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. அதக் கேட்டுத்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு."

ஒரு பழக்கம் இல்லை என்று மருமகனுக்குச் சாட்சி சொன்னாரே, அந்த மாமாவின் சொந்த மகன்.

அண்ணனை அழைத்து வரச் சொன்னேன். வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயம். அந்த வாரம் மறுபரிசோதனைக்கு வந்த பூபதியிடம், கதவைச் சாத்திக்கொண்டு, என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் இப்போது வெளியூர் போகாமல், ரிக் வண்டிகளை நிறுத்தும் ஷெட்டிலேயே பழுது பார்க்கிறார். மறுபடி தொடவில்லை என்கிறார். தூக்கம்தான் வருவதில்லை என்று சொன்னார். அதற்கு எங்கள் மனநல மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன். "பைத்தியத்துக்குப் பாக்கறவர்கிட்டயா?" என்று ஒரு வாரம் முரண்டு பிடித்துவிட்டுப் போனார்.

"அவன் மட்டுமில்லீங்க, ஷெட்டுல பாதிப் பேரு போடறவனுகதான்" என்றார். "நீங்க அங்க வாங்க. ஆயுத பூஜை முடிஞ்சதும் வண்டியெல்லாம் கெளம்பிரும். அதுக்கு முன்னாடி வாங்க. சும்மா பேசினா ஒருத்தனும் வரமாட்டான். மிஷினக் கொண்டாங்க. மொதல்ல நான் படுத்துக்கறேன். என்னப் பாத்தா மத்தவனுக தானா வருவானுக."

ஷெட்டுக்குக் கதவு கிடையாது. நாலு பக்கமும் திறந்த கொட்டகை. ஷெட்டுக்குப் பொறுப்பான மாமா உட்பட எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். ரிக்கோடு சாமான் ஏற்றிப் போகும் சப்போர்ட் லாரியின் பின்பக்கம் தார்ப்பாயை இறக்கிவிட்டு அதற்குள் கட்டில் போடலாம் என்றேன். "தார்ப்பாய்க்குத் தாழ்ப்பாள் எங்க வெப்பீங்க டாக்டர்?" என்றார் கலா சிஸ்டர். அதற்கும் பூபதிதான் வழி சொன்னார். முதலில் சத்தமில்லாமல் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்வது. கோடு கையில் வந்ததும் அவர் பக்கத்து வண்டியில் கம்ப்ரஸரைப் போட்டுவிடுவார். அந்தச் சத்தத்தில் தார்ப்பாயை ஒட்டி நின்றாலும் ஒரு சொல் வெளியே கேட்காது. நான் காதோரம் குனிந்து கேட்க வேண்டியதுதான்.

உங்களில் இரண்டு பேர் என்னோடு வர வேண்டும். ஒருவர் மிஷினுக்கு, ஒருவர் தார்ப்பாய்க்கு வெளியே மாமாவோடு பேசிக்கொண்டிருக்க. இரண்டாவது வேலைதான் கஷ்டம். நோயாளிக்கு மட்டும் கேட்கும்படி கேளுங்கள். கெட்ட பழக்கம் என்ற சொல்லைக் கொண்டு போகாதீர்கள், அப்படி ஒன்று யாருக்கும் கிடையாது. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் கோட்டைப் பார்த்துத்தான் வைத்தியம், பதிலைப் பார்த்து இல்லை. கேட்டதை வெளியே கொண்டு வராதீர்கள். மாமா வாயைப் பிடுங்கினால் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

ஷெட்டில் அனுமதி கேட்க அவருக்குத்தான் போன் செய்தேன். பூஜைக்கு முன்னால் பையன்களுக்கெல்லாம் ஒரு பரிசோதனை என்று மட்டும் சொன்னேன். உடனே சம்மதித்தார். தன் மகனையும் அனுப்பி வைப்பதாக அவராகவே சொன்னார்.

"தாராளமா வாங்க அம்மிணி. உங்களுக்குத் தெரியலீன்னாலும் பரவால்ல, மிஷினு பாத்துக்கும்."

"ஆமாங்க" என்றேன்.